வடக்கும் தெற்கும் ஒன்றாகக் கூடாது

சுரங்கத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். ஒருநாளும் கடப்பாரை பிடித்தவள் இல்லை; ஆனாலும் அடுத்த பதினைந்து வருடத்தில் பூமிக்கடியில் எந்தப் பக்கத்தை எப்போது தோண்டுவது, எதைத் தொடாமலே விடுவது என்பதெல்லாம் அவள் மேஜையிலிருந்துதான் போகும். தாது எங்கே இருக்கிறது, லாரி எத்தனை, உள்ளே போகிற காற்று எவ்வளவு, எதெது கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால், அது லட்சம் வழிகளை அலசி ஒன்றை எடுத்து நீட்டும். அதற்கு மேல் கேள்வி கேட்க அங்கே ஆளில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அது நீட்டிய திட்டத்தில் வடக்குப் பகுதி இல்லை. நாற்பத்திரண்டு பேருக்கு வேலை போனது. அதில் ஒருவன் அவளுடைய சொந்த அண்ணன், துளை போடும் இயந்திரம் ஓட்டியவன். இரண்டு நாள் பயணத் தூரத்தில் வேறொரு சுரங்கத்தில் சேர்ந்து, ஐந்து பேரோடு ஒரே அறையில் கிடக்கிறான். என்றைக்காவது வடக்கு திறக்கும், திரும்பிவிடலாம் என்று அண்ணியையும் பிள்ளைகளையும் இங்கேயே விட்டுவைத்திருந்தான். தங்கைமேல் வருத்தமா என்று யாராவது கேட்டால் சிரிப்பான். "அவ என்ன பண்ணுவா? மெஷின் சொல்லுச்சு."

இந்த வருடத் திட்டத்துக்காகப் பழைய நிபந்தனைகளை முதல்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் எழுபதாவது வரியில் நின்றுவிட்டாள். 'வடக்கும் தெற்கும் ஒன்றாகக் கூடாது.' பக்கத்தில் அவளே போட்ட குறிப்பு: 'தற்காலிகம். பெரிய ஃபேன் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.'

இரண்டு பக்கத்துக்கும் காற்று போதாத காலத்தில் போட்டது. ஃபேன் நான்கே மாதத்தில் வந்துவிட்டது. அப்போது அவள் பிரசவத்துக்காக வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த வாரமே திட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டு ஓட்டு என்று உயிரை எடுத்தார்கள். அந்த வரி சுத்தமாக மறந்துபோயிற்று. கம்ப்யூட்டரோ சொன்னபடி கேட்கிற பிள்ளை. கூடாது என்றால் கூடாதுதான். பதினைந்து வருடத்துக்கும் தெற்கையே வைத்துக்கொண்டு வடக்கைக் கழித்துக்கட்டிவிட்டது.

அவள் அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். இரண்டு மணி நேரம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. மூடிக் கிடக்கிற வடக்கில் தேங்கிய தண்ணீரை இறைக்கவே ஒன்றரை வருடம் பிடிக்கும். அப்படியும் திரையில் வடக்கு, தோண்டலாம் என்று பச்சையாக வந்து நின்றது.

மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அந்த வரியத் திருப்பிப் போட்டுடும்மா."

"சார், நாப்பத்திரண்டு குடும்பம்..."

"அதனாலதான் சொல்றேன். இது வெளிய போனா அந்த நாப்பத்திரண்டு பேரும் முதல்ல யாரைத் தேடி வருவாங்க? திட்டத்துல முதல் கையெழுத்து உன்னோடது. ரெண்டாவதுதான் என்னோடது."

அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடுமே என்பதுகூட அப்புறம்தான். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? மேஜைக்கு வந்து அந்த வரியைத் தட்டி முடித்தாள். தற்காலிகம் என்ற குறிப்பை இந்தத் தடவை போடவில்லை. இனி வருடா வருடம் அந்தப் பொய்யைத் தெரிந்தே ஓட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்த அண்ணன் அண்ணியோடு வீட்டுக்கு வந்தான்.

"புதுசா ஓட்டுனியாமே பாப்பா. வடக்கு வந்துச்சா?"

அண்ணி டீயைக் குடிக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலண்ணே."

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி விடு. உன்னச் சொல்லி என்ன? ஆறு வருஷம் காத்திருந்தாச்சு. இவங்களையும் அங்கயே கூட்டிட்டுப் போயிடுறேன். பசங்களுக்கு டி.சி. கேட்டு ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

பேப்பரை எடுத்துப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு எல்லாம் எழுதினாள். பிறகு பேனா நின்றது.

"எதுக்காகப் போறாங்கன்னு காரணம் சொல்லணுமேண்ணே. என்ன போட?"

"உள்ளத எழுது" என்றான் அண்ணன். "வடக்கு இனிமே திறக்காதுன்னு."

எழுதிக் கொடுத்தாள்.