கவுன்சிலர் கஸ்தூரியின் உடம்பு யாருடைய செய்தி?

செவ்வாய்க்கிழமை காலை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றிருந்தபோது செய்தி வந்தது. காலடிப்பேட்டைக் கவுன்சிலர் கஸ்தூரி அக்கா காலமாகிவிட்டார்.

நான் நிருபர். அவரை எதிர்த்து எழுதித்தான் அவருக்கு அறிமுகமானேன். அவர் வார்டில் குடிநீரில் சாக்கடை கலந்து பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். மக்கள் கொடுத்த மனு அவர் மேசையில் இரண்டு மாதம் கிடந்ததை எழுதினேன். மறுநாள் அவருடைய கட்சிக்காரர்கள் என் கேமராவைப் பிடுங்கினார்கள். அக்கா ஓடிவந்தார்.

"எழுதுனதுல இன்னா பொய் கீது? நான்தான் கோட்ட வுட்டேன். குடுங்கடா அத!"

அந்த வாரமே குழாயை மாற்றவைத்தார்.

சென்ற ஆண்டு அவருக்குப் புற்றுநோய் வந்தது. முடி கொட்டிய தலையோடு அவர் வாந்தி எடுப்பதை ஒரு செய்திச் சேனல் மருத்துவமனை ஜன்னல் வழியாகப் படம்பிடித்து, சோக இசை சேர்த்து, நாள் முழுக்க ஓட்டியது. கட்சிக்காரர்கள் கேட்டதற்கு, சேனல்காரர்கள் "பொதுவாழ்க்கைக்கு வந்தவங்கதானே? இது பத்திரிகைச் சுதந்திரம்" என்றார்கள். எது சுதந்திரம்? பிள்ளைகள் சாக்கடைத் தண்ணீர் குடித்தபோது இவர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவுக்கு வரவில்லையே! எங்கள் பத்திரிகையும் அந்தப் படத்தை அச்சிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை அறுக்கிறது.

அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் திட்டவில்லை.

"என்னால வேல செய்ய முடியுமான்னு கேளு நைனா, பதில் சொல்றேன். முடியலன்னா பதவிய வுட்டுடறேன். அது ஜனங்களுக்குத் தெரியணும். நான் வாந்தி எடுக்கறத எதுக்குக் காட்டணும்? என் பொண்ணு அத ஸ்கூல்ல பாத்துட்டு அழுதுகினு வந்துச்சு."

கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். இனி எந்த நிருபரையும் வார்டு அலுவலகத்தில் விடக்கூடாது என்றார்கள். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. "இங்க வந்து கேக்கட்டும். இங்க கேக்கத்தான் வோணும்" என்றார். உடம்பு ஒத்துழைக்காத நிலை வந்ததும், சொன்னபடியே ராஜினாமாக் கடிதத்தை எழுதி, அதன் நகலை முதலில் எங்களிடம் கொடுத்தார்.

செவ்வாய் மாலை அவர் வீட்டுக்குள் கேமராக்கள் முண்டியடித்தன. முகத்தை அருகிலிருந்து எடுக்க வேண்டுமாம். மகள் இரண்டு கைகளாலும் கண்ணாடிப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். தெருப் பெண்கள் பெட்டியைச் சுற்றித் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.

"இது அவங்க வூடுடா! வெளிய போங்க!" என்று ஒருவர் கத்தினார்.

நானும் அவர்களோடு போய் நின்றேன். கடைசிக் கேமராவும் வாசலைத் தாண்டிய பிறகுதான் மகள் கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதாள்.

போய் வாருங்கள், அக்கா.