மூன்றாவது வரிசை

என் தம்பி குணசீலன் ஆக்லாந்தில் பேர் பெற்ற கம்பெனி வழக்கறிஞர். நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை. ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கும்போது பத்திரங்களைப் படித்து, எங்கே ஓட்டை என்று சொல்வது அவன் வேலை. எங்கள் ஊரான கிள்ளானில் நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். அவனுடைய படிப்பு விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பியது நான்தான். பிழை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பதினாறு வருடம் ஒரே அலுவலகத்தில் உழைத்தான். இந்த ஆண்டு பங்குதாரர் ஆவான் என்றிருந்தோம்.

பிப்ரவரியில், இதே ஊரின் பென்ரோஸ் பகுதியில் நான் கிடங்குச் சரக்கைச் சரிபார்க்கும் வேலை செய்யும் கம்பெனி விலைக்கு வந்தது. வாங்குபவரின் வழக்கறிஞர் குணசீலன். அக்கா அங்கே வேலை செய்கிறாள் என்று முதல் நாளே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, இது முடியற வரைக்கும் உன் வேலையப் பத்தி என்கிட்ட மூச்சு விடாதே."

"விட மாட்டேன் லா. மீனைப் பத்தி பேசலாமா?"

"அது மட்டும் பேசலாம்."

ஆறு ஞாயிறு, அவன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதெல்லாம், தட்டிலிருந்த மீனைப் பற்றித்தான் பேசினோம். ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை, வாங்குபவருக்குப் போகும் சரக்குப் பட்டியலைப் பார்த்தேன். கிடங்கின் மூன்றாவது வரிசையில் கூரை ஒழுகி நனைந்துபோன நானூறு ஹீட்டர்கள் அதில் நல்ல சரக்காக இருந்தன. அப்படியே விடச் சொன்னார் மேலாளர். பின்னால் தெரிந்தால் தம்பி கவனிக்கவில்லை என்று பழி வருமே என்று பயந்தேன். ஞாயிறு, மீன் கறி ஊற்றும்போது சொல்லிவிட்டேன்.

"மூணாவது வரிசையப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லு."

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"ஏன்க்கா சொன்னே?"

"யாருக்குத் தெரியப் போகுது?"

"கட்சிக்காரர்கிட்ட சொன்னா உன் வேலை போயிரும். சொல்லலைன்னா அவருக்குத் துரோகம். இனிமே அந்த ஃபைல நான் தொட முடியாது."

மறுநாள், தன் காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டது என்று மட்டும் அலுவலகத்தில் சொல்லி ஒதுங்கிக்கொண்டான். நானும் அன்றைக்கே, மூன்றாவது வரிசையைத் திரும்ப எண்ணவேண்டும் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் இருந்ததால் அவரால் தள்ள முடியவில்லை. பட்டியல் திருந்தியது. வேறொரு வழக்கறிஞர் விற்பனையை முடித்தார்.

அந்தக் காகிதத்தை வெள்ளிக்கிழமையே கொடுத்திருக்கலாம். தம்பியிடம் வாய் திறக்க வேண்டியே இருந்திருக்காது. நகலில் என் கையெழுத்துக்குக் கீழே திங்கட்கிழமைத் தேதி இருக்கிறது.

ஜூனில் புதிய பங்குதாரர்களின் பெயர்கள் வந்தன. அவன் பெயர் இல்லை.

எங்கள் கம்பெனியில் புது முதலாளி ஆட்களைக் குறைக்கிறார். ஞாயிறுதோறும் குணசீலன் வருகிறான். கை கழுவும் முன்பே கேட்கிறான்:

"வேலை இருக்காக்கா?"

"இருக்கு லா."

அவன் வேலையைப் பற்றி நான் கேட்பதில்லை. மீனை அவன் பக்கம் தள்ளுகிறேன்.