கேதீஸ்வரன் அண்ணையின் விபத்தில்லாக் கேடயம்

பண்டத்தரிப்புக் கேதீஸ்வரனை உங்களுக்குத் தெரியாது என்றால், நீங்கள் எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஏறியதில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக்கும் பண்டத்தரிப்புக்கும் இடையில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அதில் இருபத்தாறு வருடம் அவருக்குப் பின்னால் கொண்டக்டராக நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான், எமில்ராஜ். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவர் வாயால் இது ஒருநாளும் வராது.

ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் மாலை போட்டு, 'விபத்தில்லாச் சேவை' என்று பொறித்த கேடயம் ஒன்றும் கொடுத்தார்கள். அண்ணை அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு செய்ய வேலையில்லாமல் மனைவி பாலேஸ்வரி அக்காவோடு காலையும் மாலையும் கொளுவிச் சண்டை பிடிக்கத் தொடங்கினார். பொறுக்க முடியாமல் மகள் தர்சினி, தான் படித்த காலத்துப் பழைய கம்பியூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வந்ததே வினை! மனிதர் டிப்போச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதற்கு முன்னால் உட்காருவார். பின்னால் ஒரு ஸ்டூலில் நான்.

"எமில், மணியை அடி."

நான் கரண்டியால் தகரப் பேணியில் தட்ட வேண்டும். அறுபது வயதில் எனக்கு இந்தத் தலைவிதி.

கம்பியூட்டரோ சரியான கிழடு. பஸ் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று ஐம்பது யார் தூரம் பாயும். நடுவில் என்ன நடந்தது என்று ஆண்டவருக்கும் தெரியாது. பாய்ந்து முடிகிற இடத்தில் ஏதாவது ஒரு லொறி நசுங்கிக் கிடக்கும். எத்தனை விபத்து என்று திரையின் மூலையில் அதுவே எண்ணிக் காட்டும்.

ஒருநாள் பின்னேரம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, பதினேழாச்சு. உந்தக் கேடயத்தைக் கழட்டட்டே?"

அண்ணைக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தக் கேடயம்தான் அவருடைய உயிர். "மெஷின்ரை பிழையடி! திருத்திப்போட்டு ரண்டு கிழமை ஒரு கீறலும் இல்லாமல் ஓடிக் காட்டுறன். இல்லாட்டி நானே கழட்டுறன்!" என்றார்.

அடுத்த நாள் கம்பியூட்டரை என் மடியில் வைத்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். திருத்துகிற கடை ஜெயனி என்ற பிள்ளையுடையது. பெட்டியைத் திறந்ததும் அவள் தும்மத் தொடங்கினாள், நிறுத்தவில்லை.

"அங்கிள், இதுக்குள்ளை ஒரு கோழி அடைகாத்திருக்கலாம்."

"பிள்ளை, புதுசு வாங்கப் பென்சன் காணாது. இதை ஓடப்பண்ணித் தா."

"ஓம், செய்யலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போடுவம். ராம் இன்னொண்டு. பாவிச்ச பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு கிடக்கு, அது சின்னன். பெரிசு போட்டா உங்கடை பவர் சப்ளை தாங்காது."

"எஞ்சின் சின்னனெண்டால் பெரிய பஸ் பொடி ஏத்தேலாதுதானே," என்று அண்ணை தலையாட்டினார். கம்பியூட்டர் விஷயத்தில் அவர் சரியாக விளங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

இரண்டு நாளில் ஜெயனியே கொண்டுவந்து பூட்டித் தந்தாள். புது வண்டியின் சில்லைத் தேசிக்காயில், அதுதான் எலுமிச்சங்காயில், ஏற்றாமல் எடுக்கக் கூடாது என்று அண்ணை நின்றார். கம்பியூட்டரில் சில்லு உள்ள சாமான் மவுஸ் ஒன்றுதான். தேசிக்காயை மேசையில் வைத்து, மவுஸை அதன்மேல் வைத்து அமத்தினார். தேசிக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மவுஸ் வெடித்தது. ஜெயனி பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பேணியில் தட்டினேன். பஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று! மரம், வீடு, பாலம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அரை நிமிடம்தான். எதிரே ஒரு லொறி லைட்டை அடித்துக்கொண்டு நேராக வந்தது. பின்னால் இன்னொன்று.

"எடேய், எல்லாரும் என்ரை பக்கத்தாலை வாறாங்கள்! பிள்ளை, படத்தை மாறிப் பூட்டிப்போட்டாய்!"

ஜெயனி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "அங்கிள், உது ஜேர்மனி றோட்டு. அங்கை வலப்பக்கத்தாலைதான் ஓடுறது. நீங்கள் இவ்வளவு நாளும் இடப்பக்கத்தாலையே போனியள்?"

"முப்பத்தொரு வருசம் இடப்பக்கத்தாலைதானே போனனான்!"

பாவம் அந்தப் பழைய கம்பியூட்டர். பதினேழு பழியையும் சும்மா சுமந்திருக்கிறது.

ஆனால் மனிதர் விடவில்லை. கணக்கைப் பூச்சியத்துக்கு மாற்றச் சொல்லி, காலைச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும்வரை வலப்பக்கம், வலப்பக்கம் என்று முணுமுணுத்தபடி ஓட்டினார். எனக்குத் தட்டித் தட்டிக் கை வீங்கிற்று. பதினாலாம் நாள் முடிந்தபோது மூலையில் பூச்சியம் அப்படியே நின்றது. அக்காவே கேடயத்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டினார். எனக்கும் கண் கலங்கிற்று என்று சொல்ல வெட்கமில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அண்ணை பால் வாங்கச் சைக்கிளில் புறப்பட்டார். நான் எதிரே, என் பாட்டில் இடப்பக்கமாக, அவர் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். ஒடுங்கிய ஒழுங்கையின் வளைவில் அவர் நிமிர்ந்த முதுகோடு, வடிவாகக் கை காட்டித் திரும்பி, கேமில் ஓட்டியதுபோலவே அச்சொட்டாக வலப்பக்கத்தால் வந்தார்.

"அண்ணை!" என்று கத்தினேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் கிளுவைச் செடி வேலிக்குள். என் முன்சில்லு எட்டுப்போல நெளிந்துவிட்டது. அவருடைய கால் என் கழுத்தில் கிடந்தது.

வேலிக்குள் கிடந்தபடியே சொன்னார்: "எமில், உன்ரை சைக்கிள் சரியான பழசு. அதை மாத்தவேணும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வேலியையே பிடுங்கியிருப்பேன். நொண்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் காலை என் வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. முழங்கையில் பிளாஸ்டர். ஒரு கையில் எனக்குப் புது முன்சில்லு. மற்றக் கையில் பேப்பரில் சுற்றிய கேடயம்.

"கேமிலை இல்லாட்டிலும் றோட்டிலை இடிச்சாச்சு. சொன்ன சொல்லு சொல்லுத்தான். இதை நீ மாட்டு," என்றார். "நீ பின்னாலை நிண்டு கத்தாட்டி எனக்கு இது கிடைச்சிருக்காது. நேற்றுத்தான் நீ முன்னாலை வந்திட்டாய்."

வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அவர் சைக்கிளில் ஏறி, கை காட்டி, படலையைத் தாண்டி ஒழுங்கையின் வலப்பக்கத்தாலேயே போனார்.

கேடயத்தோடு பின்னால் ஓடினேன்.

"அண்ணை, இடப்பக்கம்! இடப்பக்கம்!"