ஒரு பலகை குறைச்சல்

டொக், டொக். மரக்கடைக்கு வருகிறவர் யாரென்று தெரிவதற்கு முன்னால் இந்தச் சத்தம்தான் வரும். வெளியே சாத்தியிருக்கும் பலகையை விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார். முப்பது வருடமாகக் கேட்கிறேன். தட்டியதில் என்ன தெரிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொருவர் வீட்டுக்கு இத்தனை பலகை பிடிக்கும் என்று அளவு சொல்லிவிட்டு, மிஞ்சியதற்கும் குறைந்ததற்கும் பேச்சு வாங்கிய சக பாவிகளே, இது உங்களுக்கு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு சா மில்லில் ராத்திரி ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பகலில் சுற்றுவட்டாரப் பம்புசெட் எல்லாம் கரண்டைக் குடித்துவிடும், ரம்பம் முனகும். ராத்திரியில்தான் பல் இறங்கும். அளவு போடும் கணக்கைப் பழைய ரசீதுகளைப் புரட்டி நானே கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், “தூங்குறாரு” என்பாள். அவள் பார்த்தது அதுதான். அளவு போடுகிறவர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பகல் வேலையை எனக்குக் கேட்டேன். முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஒரே ஒரு வேலைக்கு அளவு போடு. ஒரு பலகை மிஞ்சக் கூடாது, ஒரு பலகை கொறையக் கூடாது. அப்புறம் பகல்ல வா.”

மாட்டு அளவு

வெள்ளிமலையிலிருந்து பொன்னுசாமி அண்ணன் வந்தார். டொக், டொக். வீட்டுக்குப் பின்னால் ஒரே சரிவு, சமமான இடமில்லை, அங்கே ஒரு பலகை மேடை போடவேண்டும். கால்களும் விட்டங்களும் அவரிடம் இருந்தன, பலகைதான் வேண்டும். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

“எங்கூட்டு மாடு ரெண்டு படுத்தா எவ்ளோவோ, அவ்ளோ.”

மாடு காலை நீட்டியா, மடக்கியா என்று கேட்டேன். அது தெரியாமல் எப்படிக் கணக்குப் போடுவது? அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “மாட்ட பஸ்ல ஏத்திக்கினு வரட்டுமா, இல்ல நீ வந்து பாக்கறியா?”

அளக்கப் போன ஆள்

ராத்திரி வேலை முடிந்த கையோடு காலை பஸ்ஸில் மலையேறினேன். பொன்னுசாமி அண்ணனின் மனைவி காளியம்மா அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நீளம் பதினாறடி, அகலம் பன்னிரண்டடி. எழுதிக்கொண்டேன். சரிவில் காற்று சும்மா அள்ளியது. சாயங்காலம் உட்கார்ந்து காற்று வாங்கத்தான் மேடை கேட்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், இரண்டு நிமிஷம் என்று கண்ணை மூடினேன். அக்காவின் குரல்தான் எழுப்பியது. “ஏங்க, அளக்க வந்த ஆளு படுத்துக்கினாரு. மாடு எதுக்கு, இவரு அளவுக்கே போட்டுரலாம்.”

கால் அங்குலம்

ஆறங்குலப் பலகையை நெருக்கி அடித்தால் பன்னிரண்டடிக்கு இருபத்துநாலு பிடிக்கும். ஆனால் மழையில் கிடக்கும் மேடைக்குத் தண்ணீர் இறங்க, பலகைக்குப் பலகை கால் அங்குலம் சந்து விடவேண்டும். அத்தனை சந்தும் சேர்ந்தால் ஒரு பலகையைத் தின்றுவிடும். ஆகவே இருபத்துமூன்று போதும். இதை நானே கண்டுபிடித்தது போல மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பகல் வெளிச்சம் அப்போதே முகத்தில் அடித்தது.

பலகைகள் மலையேறின, ஆசாரியும் நானும் கூடவே போனோம். ஆசாரி சரிவுப் பக்கத்து ஓரப் பலகையை முதலில் அடித்தார். பிறகு சுவர்ப் பக்கத்திலிருந்து சந்து விட்டு இரண்டு பலகை அடித்தார். காளியம்மா அக்கா ஒரு கை சாமையை அள்ளிவந்து அதன்மேல் தூவினார். அத்தனையும் கீழே போயிற்று. கோழிகள் முன்கூட்டியே வந்து நின்றிருந்தன. மேடை காற்று வாங்க இல்லை, சாமை காயவைக்க. முட்டிவலியில் அக்காவால் பாறைக்கு ஏறிப்போய்க் காயவைக்க முடியவில்லையாம். “போட்டியே தம்பி அளவு! கோழிங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு.”

போராட்டத்துக்கு ஒரு பலகை

அடித்ததைப் பெயர்த்து, நெருக்கி அடித்தோம். ஓரப் பலகைக்குப் பக்கத்தில் அரையடிச் சந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாளைக்கே ஒரு பலகையோடு வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். மறுநாள் எந்தச் சாலையிலும் பஸ் இல்லை. போராட்டக்காரர்கள் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். முதலாளி தினம் ஒரு தடவை, “முடிஞ்சுதா?” என்று கேட்டார். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் பதினாறடிப் பலகையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அடிவாரம் வரை போய்விட்டால் ஏதாவது ஜீப்பில் ஏற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

ஊரைத் தாண்டியதும் ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. மேலே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னையும் பலகையையும் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். “வாங்கண்ணே, ரோட்டுல போட நீங்களும் எடுத்தாந்துட்டீங்களா? ஒண்ணு கம்மிதான், பரவால்ல, போடுங்க.”

அந்தச் சந்து

போடாமல் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன். வழி திறந்ததும் முதல் பஸ்ஸின் கூரையில் பலகையை ஏற்றிப் போனேன். மேடை முழுக்கச் சாமை காய்ந்து கிடந்தது. காளியம்மா அக்கா நின்றபடியே விளக்குமாற்றால் தள்ளத் தள்ள, அது அரையடிச் சந்து வழியாகக் கீழே வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த கூடைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குனிய வேண்டாம், முட்டி மடக்க வேண்டாம்.

நான் பலகையைத் தூக்கிக்கொண்டு சந்தை நோக்கி நகர்ந்தேன். பொருந்தியிருக்கும், கணக்கு முடிந்திருக்கும். அக்கா விளக்குமாற்றை ஓங்கினார். “அத மூடின, உன்னியும் சேத்து ஆணி அடிச்சுருவேன்.”

முதலாளி கணக்கு

பலகையோடு திரும்பினேன். எனக்கு முன்பே வெள்ளிமலையிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, “அந்தச் சந்து வெச்ச மேடை எங்களுக்கும் ஒண்ணு” என்று கேட்டுப் போயிருந்தார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பை நம்பி நேரே போய் நின்றேன்.

“எல்லாம் நல்லாத்தான் சொல்றாங்க. பலகை சரியாப் போச்சா?”

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. நடந்ததைச் சொன்னேன். அவர் பலகையைத் தட்டினார். டொக், டொக். “மொதல்ல ஒண்ணு கொறைஞ்சுது, இப்ப ஒண்ணு மிஞ்சிப்போச்சு. ரெண்டையும் ஒரே வேலைல பண்ணவன் நீ ஒருத்தன்தான்யா. ராத்திரிக்கே வா.”

அளவு போட்டதில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பேர், போடாமல் விட்ட அரையடிக்குத்தான் என்று நினைத்தபடி, வீட்டில் மகள் தூங்கத் தொடங்கும் நேரத்துக்கு அரத்தை எடுத்துக்கொண்டு ரம்பத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்ட உட்கார்ந்தேன்.