மந்திரித்த உப்பும் கொட்டாஞ்சேனை மழையும்

என் கணவர் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கியவர். அந்தத் தூள் நெஞ்சில் இறுகிவிட்டது. கடைசி வருடங்களில் கட்டிலோடு ஒரு ஒட்சிசன் மெஷின் இருந்தது. கரண்ட் இருந்தால்தான் அது காற்றுத் தரும்.

அந்த வருடம் மலைநாட்டில் மழை இல்லை. கரண்ட் எடுக்கும் நீர்த்தேக்கங்கள் வற்றி, பகலில் கரண்டை வெட்டினார்கள். அந்த நேரம் மெஷினைப் பட்டரியில் போடுவோம். பழைய பட்டரி, கரண்ட் வர முன்னமே அணைந்துவிடும். பிறகு நான் விசிறியோடு இருப்பேன். விசிறியில் ஒட்சிசன் வராது என்று எனக்கும் தெரியும். சும்மா இருக்க முடியாதே.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று சொன்னாள்.

"அன்ரி, மழை பெய்ய வைக்க மலைப் பக்கம் பிளேன் அனுப்புகினமாம். மேகத்துக்குள்ள உப்புத் தூள் தூவுறதாம். டீவியில காட்டினது."

கட்டிலில் இருந்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இருமல். "நான் பிறந்ததில இருந்து கடல் உப்புக் காத்தைத்தானே குடிக்கிறன். என்ட தலையில மேகம் ஒண்டும் நிக்கேல்லையே!"

"பகிடி விடாதீங்கோ அங்கிள். மேகத்தில இருக்கிற ஈரத்தை உப்பு இழுத்துத் துளியாக்குமாம். மேகம் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாதாம்."

அந்தக் கடைசிப் பேச்சு என் காதில் ஏறவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். உப்பு என்றதும் கோயில் உப்புத்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் நோய் நொடி என்றால் எங்கள் ஆட்கள் ஃபாதரிடம் உப்பு மந்திரித்து வாங்குவது வழக்கம்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பூசைக்கு ஒரு பைக்கற் உப்போடு போனேன்.

"என்னத்துக்கம்மா?" என்றார் ஃபாதர்.

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். மழைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வீட்டுக்கு ஃபாதர்."

"அப்ப வீட்டின்ட நாலு மூலையிலயும் போடுங்கோ."

போட்டேன்.

அந்த வாரமே ஒரு பின்னேரம் வானம் கறுத்தது. கொட்டாஞ்சேனை முழுக்க அப்படி ஒரு மழை! ரோட்டோரக் கான் பொங்கி வாசற்படிக்குத் தண்ணீர் வந்தது. நான் கைகூப்பி நின்றேன். டீவியிலோ மலையில் ஒரு துளியும் இல்லை, தூவ மேகம் கிடைக்காமல் பிளேன் திரும்பிவிட்டது என்றார்கள்.

"உப்பை இஞ்ச போட்டிட்டு, மழை அங்க பெய்யுமே? மலைக்கெல்லோ கொண்டு போயிருக்க வேணும் நீ," என்றார் இவர். நான் எங்கே போட்டேன் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்போது ஒரு இடி. கரண்ட் போனது. காலைக் கரண்ட் வெட்டில் இறங்கிய பட்டரி திரும்ப ஏறியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நனைந்தபடி ஓடிவந்தாள். சந்தியில் வயர் அறுந்து கிடக்கிறதாம். அவளே அம்புலன்ஸுக்கும் போன் அடித்தாள். ரோட்டில் வெள்ளம், வந்து சேரச் சுணங்கும் என்றார்களாம்.

நான் விசிறினேன். இவருடைய உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மழையை நிற்பாட்டும் ஐயா என்று அதே அந்தோனியாரிடம் கெஞ்சினேன்.

அம்புலன்ஸ் வந்தபோது விசிறி என் கையில்தான் இருந்தது. வந்த பையன்தான் அதை மெதுவாக வாங்கி வைத்தான்.

பிறகு மலையில் மழை பெய்தது. இப்போது கரண்ட் வெட்டுவதில்லை.