மகேஸ்வரியின் தட்டு

1. சால்மன்

என் அறைக்குள் வந்ததும் மகேஸ்வரி கேட்ட முதல் கேள்வி இதுதான். "மேடம், சால்மன்னா என்னங்க?"

அவர் கையில் பெங்களூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த டயட் சார்ட் இருந்தது. காலையில் ஓட்ஸ், மதியம் கினோவா, வாரம் இரண்டு நாள் சால்மன் மீன், இடையில் அவகாடோ. எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிய சார்ட். அதை வாங்கி ஓரமாக வைத்தேன். டயட்டீஷியனாக இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இப்படிப்பட்ட சார்ட்டைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

மகேஸ்வரிக்கு முப்பது வயது இருக்கும். தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால், ஹைவே ஓரத்தில் அவர் கணவர் வீட்டார் ஒரு மெஸ் நடத்துகிறார்கள். கணவர் முருகேசன் பரோட்டா மாஸ்டர். கல்லாவில் கணவரின் அண்ணன் பெருமாள். தோசைக்கல் மகேஸ்வரியின் பொறுப்பு. வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதவிலக்கு சமயத்தில் சுருண்டு படுக்கும் அளவுக்கு வலி. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாராம் ஒரு டாக்டர். கல்யாணம் ஆனது. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றாராம் இன்னொருவர். பெண் குழந்தை பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வலி அப்படியே இருந்தது. கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரி மகப்பேறு டாக்டர்தான் வயிற்றில் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி செய்து எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதி செய்தார். கர்ப்பப்பைக்குள் இருக்கிற படலம் போன்ற ஒன்று அதற்கு வெளியே, சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் வளர்வது. சினைப்பையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, தினமும் போட ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதி, சாப்பாடு விஷயத்துக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு பெண் வலி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதற்குக் கிடைத்த மருந்து கல்யாணமும் பிரசவமும்.

2. நாள் முழுக்க மாவு

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை அடுப்பு பற்றவைக்கும்போது சர்க்கரை போட்டு ஒரு டீ, நாலு பிஸ்கட். கடை கொஞ்சம் ஓய்ந்த பிறகு கிழிந்துபோன பரோட்டா, சால்னாவில் நனைத்து. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மிச்சம் இருக்கும் சோறும் ரசமும். ராத்திரியும் அதே. நடுவில் தலை சுற்றினால் இன்னொரு டீ. வயிறு உப்பிக்கொள்கிறது, மலம் சரியாகப் போவதில்லை, மத்தியானத்துக்கு மேல் கை கால் வெலவெலத்துப் போகிறது என்றார்.

முட்டை சாப்பிடுவீங்களா என்று கேட்டேன். சாப்பிடுவேன் என்றார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தீர்த்தமலை கோயிலுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் வீட்டில் முட்டைக் குழம்பு வைத்தார்கள் என்றார். அது போன மாசமா அதற்கு முந்தின மாசமா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு ஆம்லெட்டும் ஆஃப்பாயிலும் கலக்கியுமாகத் தட்டு தட்டாகப் போட்டுக் கொடுக்கிற பெண் இவர்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். சாப்பாட்டால் இந்த நோய் கரையாது. மாத்திரையும் டாக்டரிடம் காட்டிக்கொள்வதும் கட்டாயம். சாப்பாடு சீரானால் உடம்பில் தெம்பு நிற்கும், உப்புசமும் வெலவெலப்பும் குறையலாம், வலியைத் தாங்குகிற நாட்களில் உடம்பு இவ்வளவு ஓய்ந்து போகாது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

பிறகு அவர் கடையிலும் வீட்டிலும் இருக்கிற பொருட்களை வைத்தே பேசினேன். சோறும் பரோட்டாவும் கார்போஹைட்ரேட். அது கெட்டது கிடையாது. அது மட்டுமே வயிற்றில் விழுந்தால்தான் சிக்கல். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும், ஆளையும் இறக்கிவிடும். எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாலும் தட்டில் பாதி காய், கீரை. மீதிப் பாதியில் ஒரு பங்கு சோறோ களியோ. இன்னொரு பங்கு புரோட்டீன். முட்டை, கொள்ளுக் கடைசல், பச்சைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், கோழிக்கறி, மீன், எது கிடைக்கிறதோ அது. களி உருண்டை பெரிதாக இருந்தால் சின்னதாக்கி, கூடவே கீரையும் பருப்பும் சேர்த்துக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். விடியற்காலை பிஸ்கட்டுக்குப் பதில் ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள், அந்த இடத்தில் இதையெல்லாம் கூட்டுங்கள். திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னார்.

3. காதில் விழுந்தது பாதி

அடுத்த முறை வந்தபோது எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. எடை பார்த்தால் நன்றாகவே இறங்கியிருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

நான் சொன்னதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள் என்றது எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. அன்றைக்கே குறைத்துவிட்டார்கள். அவர் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் டாக்டரம்மா வேண்டாமென்று சொன்னாங்களே என்று நினைவுபடுத்த ஆள் இருந்தது. பரோட்டா பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பு. முட்டையும் சுண்டலும் கூட்டச் சொன்னார்கள் என்றபோது மட்டும் யாருக்கும் காது கேட்கவில்லை. பெருமாள் ஏதோ வீடியோவில் பார்த்தாராம், சோற்றை நிறுத்தினாலே இந்த நோய் போய்விடும், மாத்திரை தேவையில்லை என்று. அதனால் மாத்திரையும் நின்றுவிட்டது.

"நான் மாத்திரை கேட்டேங்க மேடம். பத்தியமும் மாத்திரையும் ரெண்டும் எதுக்குன்னு சொல்லிட்டாங்க" என்றார் மகேஸ்வரி. அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

அவரை அப்போதே மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார், மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார், ஏன் நிறுத்தக்கூடாது என்று பொறுமையாக விளக்கினார். என்னிடம் அந்தப் பொறுமை இல்லை. திரும்பி வந்து என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்றார். சொன்னேன். பேஷன்ட் வீட்டு விஷயத்தில் எல்லாம் நாம் தலையிட முடியாது மேடம், எழுதிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்றார். அவர் கெட்டவர் கிடையாது. ஆனால் அந்த வார்த்தை என்னை இன்னும் எரியவைத்தது. பசித்து வந்திருக்கும் ஒருத்தியிடம் எழுதிக் கொடுப்பதோடு என்ன வேலை முடியும்?

4. தொப்பூரில்

கொஞ்ச நாளில் சேலத்தில் ஒரு மீட்டிங். எங்கள் லேப் டெக்னீஷியன் காரில் போனேன். தொப்பூர் வந்ததும் அந்த மெஸ்ஸில் நிறுத்தச் சொன்னேன். சாப்பாட்டு நேரம். வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே முருகேசன் மாவு வீசிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி கல்லில் ஆம்லெட் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே அதில் பயமும் வந்தது.

மகேஸ்வரி சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். கல்லாவிலிருந்த பெருமாள் எழுந்து வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அவ அப்புறமா சாப்பிட்டுக்குவாங்க, நீங்க சாப்பிடுங்க மேடம் என்றார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டுமே என்றேன். கூட்ட நேரம் என்றார். சரி, ஒரு முட்டை எப்போது சாப்பிடுவார் என்று கேட்டேன்.

"கடையில இருக்கிறது யாவாரத்துக்குங்க. வூட்டுப் பொம்பளையே கை வெச்சா எப்படிங்க மேடம்?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை என்று பேசினேன்.

"நான் சோத்தைக் குறைக்கச் சொன்னேன், கேட்டீங்க. முட்டை குடுங்கன்னும் நான்தான் சொன்னேன். அதை ஏன் கேக்கலை? அது என்ன, எடுக்கிறதுக்கு மட்டும் என் பேச்சு வேணுமா? இந்தக் கடையில பசியோட நிக்கிற ஒரே ஆள் சமைக்கிறவங்கதான். உங்களுக்கு இது தெரியலையா?"

முருகேசனைப் பார்த்தேன். அவர் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை. மகேஸ்வரி இரண்டு முட்டையை எடுத்துக் கல்லில் உடைத்து ஊற்றினார். ஒரு டிரைவருக்காக என்று நினைத்தேன். ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கரண்டி, வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கியது, ஒரு தோசை, இவ்வளவும் வைத்துக்கொண்டு என் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்ச். கல்யாணமாகி வந்து அதில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை என்று பிறகு சொன்னார்.

ஆம்லெட் சொல்லிவிட்டுக் காத்திருந்த டிரைவர் ஒருவர் குரல் கொடுத்தார். பெருமாள் அவரைப் பார்த்தார், பிறகு மகேஸ்வரியைப் பார்த்தார்.

"சாப்பிட்டு வரேங்க மாமா" என்றார் மகேஸ்வரி பெருமாளிடம். குரல் உயரவில்லை. முட்டையைப் பிய்த்து வாயில் வைத்தார்.

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினார். மகேஸ்வரி நிதானமாக, தட்டு காலியாகும் வரை சாப்பிட்டார். பாதியில் முருகேசன் பரோட்டாக் கல்லை விட்டு வந்து தோசைக்கல்லில் நின்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

5. இப்போது

மகேஸ்வரிக்கு நோய் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. சில மாதம் வலி வந்து படுத்துத்தான் விடுகிறார். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்க்கிறார். ஆனால் எடை திரும்பியிருக்கிறது. மத்தியான வெலவெலப்பு இல்லை. உப்புசம் குறைந்திருக்கிறது. வலி இல்லாத நாட்கள் முழு நாட்களாக இருக்கின்றன என்று அவரே சொன்னார். பெருமாள் இன்னும் என்னைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான் கடைக்குப் போய் வந்ததற்கு அடுத்த விசிட்டுக்கு முருகேசனையும் வரச் சொல்லியிருந்தேன். நேற்று உங்கள் மனைவி என்ன சாப்பிட்டார் என்று அவரிடம் கேட்டேன். மகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். அவங்களைப் பார்க்காதீங்க, நீங்க சொல்லுங்க என்றேன். தெரியலைங்க என்றார். அடுத்த தடவை தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன், வருத்தமில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புரோட்டீன் இவ்வளவு, கார்போஹைட்ரேட் இவ்வளவு என்று கணக்குப் போடுவது படிப்பிலேயே வந்துவிடும். நம் வீடுகளில் ஒரு பெண்ணிடம் குறைக்கச் சொன்னால் குடும்பமே உதவிக்கு வரும். கூட்டச் சொன்னால் அவள் தனியாக நிற்பாள். அதனால் எதைக் கூட்ட வேண்டுமோ அதை முதல் நாளே, வீட்டாரை எதிரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அது அவள் தட்டில் வந்து விழுந்த பிறகு குறைப்பதைப் பற்றிப் பேசலாம். யார் பரிமாறுகிறார்கள், அவள் எப்போது உட்காருகிறாள் என்று கேட்காமல் எழுதுகிற சார்ட்டில் சால்மன் இருந்தால் என்ன, கொள்ளு இருந்தால் என்ன, இரண்டும் அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை.

முருகேசன் அடுத்த முறை வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். நேத்து காலையில நிலக்கடலை, அப்புறம் ரெண்டு முட்டை ஒரு தோசை, மத்தியானம் களி, கீரை, கொள்ளுக் கடைசல், சுண்டல்ல உப்பு கூடிப்போச்சுன்னு பாதி வெச்சிட்டா மேடம் என்று ஒப்பித்தார்.

"அது முந்தாநேத்துங்க" என்றார் மகேஸ்வரி.