கூப்பிட்டால் வருகிற அப்பா

சட்டையை உதறி மாட்டிக்கொண்டே துரைராஜ் விசாரித்துவிடுவார்: "உன் பேரு இன்னா நைனா? எந்த கிளாஸு? எதுல பெயிலு?" சட்டை அவருடையதல்ல. மயிலாப்பூர் குமாஸ்தா யாரோ இஸ்திரிக்குப் போட்டது. பள்ளிக்கூடத்தில் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டால், வீட்டில் வாய் திறக்கப் பயந்த பையன்கள் நேரே அவருடைய இஸ்திரி வண்டிக்குத்தான் வருவார்கள். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் போதும், அப்பா தயார்.

ஏனோதானோ அப்பா இல்லை. வாத்தியார் ஒன்று சொன்னால் இவர் பத்து சொல்வார். "இவனப் பெத்ததுக்கு ஒரு எருமைய வாங்கிக் கட்டிருந்தா பாலாவது கறந்திருப்பேன் சார்!" கடைசியில் வாத்தியாரே, "பாவம், விடுங்க" என்று சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். ஒருமுறை, "போன மாசம் வேற பையனுக்கும் நீங்கதானே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். "எனிக்கு ரெண்டு சம்சாரம் சார்" என்றார் கண் இமைக்காமல்.

இந்த மனிதர் அடையாறில் படிக்கிற சொந்த மகன் நெடுஞ்செழியனின் பள்ளிக்கூடத்தை மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. பையன் ஒன்பதாவதில் இரண்டாம் வருஷம். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. மனைவி தாயம்மா ஒருநாள் பிடித்துக்கொண்டாள்: "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ஓடுறியே, உம்புள்ளைக்கு ஒரு தபா போயேன்யா!"

போனார். சொந்த மகனுக்கு இரவல் சட்டை எதற்கு என்று தன் பழைய சட்டையிலேயே போனார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்து, "நெடுஞ்செழியன் விசயமா..." என்று ஆரம்பித்தார். வகுப்பாசிரியர் சங்கரன் முகம் மலர்ந்தார்.

"அவன் அப்பாதான் போன வாரமே வந்தாரே! கண்ணாடி போட்டுண்டு, பேண்ட் சட்டையில. ஏதோ ஆபீஸ்ல வேலையாம். தெனம் ராத்திரி பையன் பக்கத்துலயே உக்காந்து படிக்க வைக்கறேன்னார். அதனாலதான் அவன் பேரை அடிக்காம இன்னொரு சான்ஸ் குடுத்திருக்கோம். நீங்க யாரு?"

துரைராஜுக்குப் புரிந்துவிட்டது. இஸ்திரிக்காரன் அப்பா வேண்டாம் என்று பிள்ளை வேறு அப்பாவைத் தேடிக்கொண்டுவிட்டான். அதைவிட, அந்தப் போலி அப்பா சொன்னதில் ஒன்றைக்கூடத் தான் ஒருநாளும் செய்ததில்லை என்பதுதான் அவரை அதிகம் சுட்டது.

"பக்கத்து வூடு சார்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமே. நெஜமாவே தெனம் உக்கார்றாரா?"

வராந்தா முனையில் நெடுஞ்செழியன் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் இன்றே பையனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"உக்கார்றாரு சார். நானே கண்ணால பாத்துக்கீறேன்."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். செருப்பைக் காலில் மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு, மகன் நின்ற பக்கம் திரும்பாமல், எதிர்ப்புறப் படி வழியாக இறங்கினார்.